கிரியேட்டினின் 1.2

கடலூர் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் ரிப்போர்ட்டை விரித்து, "கிட்னி நார்மல்தான் சார், 1.2" என்றார். வயிறு நீர் கோத்து உப்பியிருக்கிறது. கையிலோ எலும்பும் தோலும்தான்.

அந்தக் கையைத்தான் பார்க்க வேண்டும்.

கிரியேட்டினின் தசையிலிருந்து வரும் கழிவு; அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்றும். இவரைப் போல ஈரல் சுருங்கியவருக்குத் தசை கரைந்துவிடும்; கிரியேட்டினினும் குறைவாகத்தான் வரும். 1.2 கூட அவருக்கு அதிகமாக இருக்கலாம். பழைய ரிப்போர்ட்டோடு ஒப்பிடணும். 48 மணி நேரத்தில் 0.3 ஏறினாலே சிறுநீரகம் அடி வாங்கிவிட்டது.

அப்போது நீர் மாத்திரையை நிறுத்துவார்கள். வயிற்று நீரை ஊசியால் எடுத்துப் பார்ப்பார்கள். அதில் நியூட்ரோபில் என்ற வெள்ளையணு கன மில்லிமீட்டருக்கு 250 தாண்டினால் தொற்று. சிறுநீரில் புரதம், ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள், அப்புறம் ஸ்கேன். ஆல்புமின் என்ற ரத்தப் புரதத்தை ஏற்றுவார்கள், எடையில் கிலோவுக்கு 1 கிராம். இத்தனைக்கும் கிரியேட்டினின் இறங்காவிட்டால்தான் ஹெபடோரீனல், அதாவது ஈரல் நோயாலேயே சிறுநீரகம் செயலிழப்பது, என்ற பேச்சு.

மூட்டுவலிக்கு மெடிக்கலில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபினாக்கை ஈரல் சுருங்கியவர்கள் தொடவே கூடாது; சிறுநீரகத்தைக் கெடுத்துவிடும்.