சிவாலய ஓட்டத்துல மகாதேவர் குடுத்த மழை

ஒக்கி புயல் அடிச்சப்போ, 2017 நவம்பர் 30, எங்க வீட்டு அயினி மரம் வேரோட சாய்ஞ்சுது. தாத்தா காலத்து மரம், ரெண்டு பேரு கை கோர்த்தாலும் கட்டிப் பிடிக்க முடியாது. காத்து இரைஞ்ச இரைச்சல்ல அப்பா "மகாதேவா"ன்னு கத்தினது பக்கத்துல நின்ன எனக்கே பாதிதான் கேட்டுது. மரம் கிணத்துக்கும் அடுக்களைக்கும் நடுவுல போய் விழுந்துது, நாலு ஓடு உடைஞ்சதோட சரி. ஊரெல்லாம் ரப்பரும் வாழையும் படுத்துக் கெடக்கு, நாங்க நாலு பேரும் உசிரோட நிக்கோம். அன்னைக்கே அப்பா 12 வருஷம் சிவாலயம் ஓடுறேன்னு நேர்ந்துட்டாரு, அதாவது சிவராத்திரிக்கு எங்க கன்னியாகுமரி மாவட்டத்துல உள்ள பன்னெண்டு சிவன் கோயிலுக்கும் ஓடியே போய்த் தொழுறது. அஞ்சு வருஷம் ஓடினாரு, பொறவு முட்டு வலி விடல, மிச்சத்த நான் ஓடுறேன்.

இந்த வருஷமும் முதல் கோயிலான திருமலைல தொழுதுட்டு, விசிறியும் மடிசஞ்சிங்கிற சின்னத் துணிப்பையுமா "கோவிந்தா கோபாலா"ன்னு கிளம்பியாச்சு. ராத்திரி திற்பரப்புல கோதையாத்துல முங்கினப்போ குளிரு எலும்பு வரைக்கும் ஏறிச்சு. திருநந்திக்கரை, பொன்மனை எல்லாம் ஓட்டமா போயிட்டு. கஷ்டம் பன்னிப்பாகம் தாண்டித்தான். மாசி வெயில்ல தார் ரோடு கொதிக்குது, உள்ளங்கால் பொத்துப் போச்சு, அதுக்கு இடையில பைக்குல வாற கூட்டம் பின்னால வந்து ஹாரன் அடிக்குது. வண்டில வாறது தப்புன்னு சொல்லல, வெறுங்கால்ல ஓடுறவனுக்குக் கொஞ்சம் வழி விடக்கூடாதா? நல்ல மனசுக்காரங்க வழி நெடுக மோரும் பானகமும் தந்தாங்க, அவங்க குடும்பம் நல்லா இருக்கணும்.

இனி முடியாதுன்னு ஒரு மதில் ஓரமா உக்காந்துட்டேன். அப்போதான் வேளிமலை பக்கமிருந்து ஒரு குளிர்ந்த காத்து, பின்னாலயே கறுத்த மேகம், சடசடன்னு மழை. அஞ்சு நிமிஷம் இருக்குமோ என்னவோ, ரோட்டுல இருந்து ஆவி பறக்குது, எரிஞ்ச காலுக்கு அடியில தண்ணி ஓடுது, நான் அழுதுட்டேன், வெக்கமே இல்லாம அழுதேன்.

நனைஞ்ச துணியோட கல்குளம் போய்ச் சேர்ந்தேன். சரியான தள்ளுமுள்ளு, நிக்க விடமாட்டேங்கான். எப்படியோ நீலகண்டன் முன்னால ஒரு நிமிஷம் கெடைச்சுது. விளக்கு வெளிச்சத்துல அந்தத் திருமேனி, மேல ஒரு வில்வ மாலை. கையில இருந்த பனை ஓலை விசிறியால வீசினேன். அந்த ஒக்கிக் காத்தையும் இந்தக் குளிர்ந்த காத்தையும் அனுப்பினவனுக்கு நான் ஓலையால வீசிக் குடுக்கேன்! கை நடுங்கிட்டு, ஒண்ணும் வேண்டிக்கத் தோணல, அப்பா மாதிரியே "மகாதேவா"ன்னு மட்டும்தான் வாயில வந்துது.

மேலாங்கோடு முதல் கடைசிக் கோயிலான திருநட்டாலம் வரைக்கும் எப்படி ஓடினேன்னு இப்போ கேட்டா சொல்லத் தெரியல, கால் வலிச்சதா ஞாபகமே இல்ல. சங்கரநாராயணர தொழுதுட்டு அப்பாவுக்கு போன் பண்ணினேன். "மக்களே, மத்தியானம் நம்ம முற்றத்துலயும் நல்ல மழை கேட்டியா, நான் இறங்கி நின்னு நனைஞ்சேன்"னாரு. மகாதேவா, மகாதேவா. இன்னும் எத்தனை வருஷம் வேணும்னாலும் ஓட வையப்பா.