பேரு நம்மது, குத்தகை எவனுக்கு?

திசையன்விளையில் கருப்பட்டி யாவாரம் பார்க்கிற எங்க மாமாவுக்கு வெப்சைட் போட்டுக் கொடுத்தது நான்தான். அதனால் பில் வந்தால் ஏச்சு வாங்குவதும் நான்தான். முதல் வருஷம் 199 ரூபாய்க்குக் கிடைத்த டாட் காம் பெயருக்கு இந்த வருஷம் 1,412 கேட்டு மெயில்.

“ஏல மருமவனே, இது எங்க அய்யா பேருல்லா? இதுக்கு எவனுக்குல குத்தகை கெட்டணும்?”

அந்த 199, பேரை விற்ற கடைக்காரன் போட்ட தூண்டில். படிக்காமல் விழுந்தது என் தப்பு. கடை பிடிக்காவிட்டால் வேறு கடைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் எந்தக் கடைக்குப் போனாலும் டாட் காம் சரக்கு வருவது ஒரே மண்டியிலிருந்துதான்: வெரிசைன் என்ற அமெரிக்கக் கம்பெனி. ஒரு பேருக்கு வருஷத்துக்கு அந்த மண்டி விலை 2012-லிருந்து 7.85 டாலரிலேயே கிடந்தது. 2018-இல் அமெரிக்க வணிகத் துறை விலை மேல் வைத்திருந்த பிடியை விட்டது. ஆறு வருஷ ஒப்பந்தத்தில் கடைசி நாலு வருஷம், வருஷத்துக்கு 7 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளலாம். 2021 முதல் 2024 வரை நாலு தடவையும் விடாமல் ஏற்றி, 10.26-இல் கொண்டு நிறுத்தினார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்தாலும் ஏலம் கிடையாது, பெரிய தப்பு செய்யாதவரை மறுபடி அவர்களுக்கேதான். (நம்மூரில் குளத்து மீனுக்கே ஏலம் விடுவார்கள்.)

மாமா பனையைக் குத்தகைக்கு எடுத்து வளர்ந்தவர். “வெலையக் கூட்டுனா நான் அடுத்த விளைக்குப் போயிருவேம்லா. இதுல எல்லா விளையும் ஒருத்தனுக்கா?”

டாட் இன்னுக்கு மாறலாமே என்றேன். பேசாமல் உள்ளே போய் ஒரு ஓலைப்பெட்டியை எடுத்து வந்து முன்னால் வைத்தார். மூடியில் ஒட்டின மஞ்சள் லேபிளில் அந்த டாட் காம் முகவரி. அதே லேபிள் இன்னும் ரெண்டு கட்டு பிரிக்காமல் கிடக்கிறது. பம்பாயில் இருக்கிற நம்மாட்கள் அதைப் பார்த்துத்தான் ஆர்டர் போடுகிறார்கள். நாம் விட்டால் அந்தப் பேரை நாளைக்கு யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அவ்வளவும் தெரிந்துதானே விலை ஏறுகிறது?

பத்து வருஷம் வரை இன்றைய விலையிலேயே சேர்த்துக் கட்டலாம் என்று சொன்னேன்.

“எனக்கு எழுவத்திரெண்டு ஆவுது. மூணு வருசத்துக்குக் கெட்டு.”

கட்டிவிட்டேன். அடுத்த லேபிளில் செல் நம்பரைப் பெரிசாகவும் முகவரியைப் பொடிசாகவும் போடச் சொல்லியிருக்கிறார்.