வாயைப் புடிச்சு இழுத்தா எந்தக் காரல்னு தெரியும்

போன மே மாசம் அக்கா மகன் கோயம்புத்தூர்ல இருந்து லீவுக்கு வந்திருந்தான். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் 61 நாள் மீன்பிடித் தடைக்காலம்ங்கிறதால விசைப்படகு எல்லாம் கரையில கட்டிக் கிடக்கு, வடகடல் பக்கம், அதாவது பாக் விரிகுடா கரையில, கரைவலை இழுக்கிறாங்கன்னு காலையிலயே அவனைக் கூட்டிட்டுப் போனேன். வலையோட மடியை மணல்ல கொட்டுனதும் உள்ளங்கைக்குள்ள அடங்குற ஒரு வெள்ளி மீனை எடுத்து "மாமா இது என்ன மீனு"ன்னான். காரல்னு சொன்னேன். உடனே இன்னொன்னை எடுத்து "இது?"ன்னான், அதுவும் காரல்தான். மூணாவதா ஒன்னு, அதுவும் காரல். "மூணும் ஒரே மாதிரி இல்லையே மாமா"ன்னு அவன் சொன்னப்பதான் நான் குனிஞ்சு பாத்தேன், உண்மையிலயே இல்ல. நாப்பது வருசமா இந்த மீனைத் தின்னுருக்கேன், ஒரு நாளும் உத்துப் பாத்ததில்ல, அது எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துச்சு.

அவன் போன்ல படம் எடுத்து ஒரு ஆப்ல போட்டான், ஒரே மீனுக்கு மூணு தடவையும் மூணு பேரு வந்துச்சு. பக்கத்துல மீன் பிரிச்சுக்கிட்டு இருந்த ஒரு பெரியம்மா இதைப் பாத்துட்டு "போனை வையி ராசா, வாயைப் புடிச்சு இழு"ன்னாங்க.

இதை நான் விவரமா சொல்லணும். காரலுக்கு வாய் மூடியிருக்கும்போது ரொம்பச் சின்னதா தெரியும், ஆனா மேல் உதட்டை நகத்தால மெதுவா பிடிச்சு இழுத்தா உள்ள மடிச்சு வச்சிருந்த குழாய் மாதிரி வெளிய நீண்டு வரும். அந்தக் குழாய் எந்தப் பக்கம் போகுதுங்கிறதுலதான் விசயம் இருக்கு. முதல் மீனுக்குக் கீழ் பாத்து நீண்டுச்சு, தரையில கிடக்கிற புழு, பொடி எறால் இதுகளை மண்ணோட உறிஞ்சித் தின்கிற சாதி அது, நம்ம குழம்புக்கு வர்றதுல பெரும்பாலும் இதுதான். ரெண்டாவது மேல் பாத்து நீண்டுச்சு, உடம்பு இன்னும் வட்டமா, கீழ்த்தாடை செங்குத்தா நிக்குது, கண்ணுல இருந்து தாடை வரைக்கும் மெல்லிசா ஒரு கறுப்புக்கோடு வேற, இது தண்ணியில மிதக்கிற கண்ணுக்குத் தெரியாத உயிர்களைத் தின்னு பொழைக்குது. மூணாவதுக்கு நேரா முன்னால வந்துச்சு, விரலை வச்சா நறுக்குனு பல்லு தட்டுது, மத்த காரலுக்கெல்லாம் பல்லு பொடிசா ரோமம் மாதிரி இருக்கும், இதுக்கு மட்டும் கோரைப்பல்லு, சின்ன மீனையும் எறாலையும் புடிச்சுத் தின்னும். காசா (Gazza)ன்னு ஒரு பேரினம், அதைச் சேர்ந்தது. மூணும் ஒரே தண்ணியில, ஒரே வலையில வந்திருக்கு, ஆனா ஒவ்வொன்னும் சாப்பாடு தேடுற விதம் வேற வேற.

இது எங்க இருக்கும்னு கேட்டா, பவளப்பாறையில தேடாதீங்க. மண்டபத்துல இருந்து தூத்துக்குடி வரைக்கும் தென்கடல்ல, அதாவது மன்னார் வளைகுடாவுல, 21 தீவு, 1986ல தேசியப் பூங்கா ஆக்குனது, அங்க பாறையில கலர் கலரா திரியிற மீனெல்லாம் வேற கதை. காரலுக்குச் சேறும் மணலும் கலந்த அடித்தரை வேணும், ஆழம் கம்மியா இருக்கணும், கூட்டமா திரியும், கழிமுகத்துக்குள்ளயும் ஏறி வரும். வடகடல் அதுக்குன்னே செஞ்சு வச்ச மாதிரி, பெரும்பாலும் பத்துப் பன்னெண்டு மீட்டருக்குள்ளதான் ஆழம், அடியில சேறு, அங்கங்க கடல்புல்லு. தென்கடல்லயும் சேத்துத்தரை உள்ள இடத்துல காரல் உண்டு, ஆனா கச்சான்ங்கிற தென்மேற்குக் காத்து அடிக்கிற மாசத்துல அந்தப் பக்கம் கடல் கொந்தளிக்கும், வாடைங்கிற வடகிழக்குக் காத்துல வடகடல் கொந்தளிக்கும், அதுக்குத் தகுந்தாப்ல எந்தப் பக்கத்துக் காரல் சந்தைக்கு வருதுங்கிறதும் மாறும்.

ஆனா என்னை அன்னைக்குத் தூங்க விடாதது இன்னொன்னு. வீட்டுக்கு வந்து ஒரு காரலைக் கீறி, தொண்டைக்குழாயைச் சுத்தி மோதிரம் மாதிரி ஒரு வெளுத்த உறுப்பு இருக்கும், அதைத் தேடிக் கண்டுபிடிச்சோம். ரூம்ல ஜன்னலைச் சாத்தி லைட்டை அணைச்சுட்டு உக்காந்தோம், முதல்ல ஒன்னுமே தெரியல, கண்ணு இருட்டுக்குப் பழகுன பிறகு மங்கலா நீலமும் பச்சையும் கலந்து ஒரு ஒளி. பையன் பேச்சே இல்ல. மீன் தானா எரியல, அந்த உறுப்புக்குள்ள குடியிருக்கிற பாக்டீரியாதான் எரியுது, காரலோட விஞ்ஞானப் பேரையே அதுக்கும் வச்சு போட்டோபாக்டீரியம் லியோக்னத்தினு சொல்றாங்க. மீன் அதுக்கு இடமும் சாப்பாடும் குடுக்குது, அது வெளிச்சம் குடுக்குது. வயித்து வழியா அந்த ஒளி கீழ் பாத்து கசியிறதால, அடியில இருந்து பாக்கிற பெரிய மீனுக்கு இதோட நிழல் தெரியாதுங்கிறாங்க. பல இனத்துல ஆணுக்கு இந்த உறுப்பு பெருசா இருக்குமாம்.

நம்ம மண்டபத்துல இருக்கிற மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இந்த மீனைப் பத்தி நிறைய வேலை பாத்திருக்காங்க. பி.எஸ்.பி.ஆர். ஜேம்ஸ் 1971ல ஒரு புதுக் காரலை விவரிச்சு, அந்த நிலையத்தோட டைரக்டரா இருந்த எஸ். ஜோன்ஸ் பேரை அதுக்கு வச்சார். 2008ல இந்தக் குடும்பத்துல ஒரு பேரினத்துக்கு காரல்லான்னே பேர் வச்சாங்க, அக்கரையில, இலங்கையில, சிங்களத்துல இதை காரல்லான்னுதான் கூப்பிடுவாங்க. நம்ம காரல் மாதிரியே ஒலிக்கிற ஒரு சொல்லு விஞ்ஞானப் பேரா நிக்கிறதைப் பாக்க எனக்கு அவ்வளவு சந்தோசம்.

சமையலுக்குச் சுருக்கமா சொல்லிடுறேன், உடம்பெல்லாம் வழவழன்னு கோழை இருக்கும், கல்லுப்பு போட்டு உரசிக் கழுவணும். எங்க அப்பத்தா பிள்ளை பெத்தவளுக்குப் பூண்டும் மிளகும் போட்டுத் தண்ணியா காரல் சாறு வச்சுக் குடுப்பாங்க, பால் ஊறும்னு சொல்லுவாங்க.

மனசு ஆறாத ஒரு விசயம் சங்காயம். விசைப்படகு இழுத்துட்டுப் போற இழுவலையில வர்ற பொடி மீனை எல்லாம் பிரிக்காம மொத்தமா சங்காயம்னு அள்ளிக் கோழித்தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் அனுப்புறாங்க, அந்தக் குவியல்ல விரல் நீளம்கூட இல்லாத காரல் குஞ்சு எத்தனையோ கிடக்கு. இன்னும் ஒரு தடவைகூட முட்டை போடாத குஞ்சுங்க அது. கூடையைத் தூக்குறவங்களைக் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரல, டீசல் விலைக்கு அவங்களுக்கும் கணக்கு நேராகணும், ஆனா வலையோட கண்ணைக் கொஞ்சம் பெருசாக்குனா அந்தக் குஞ்சுங்கள்ல நிறைய தப்பிச்சிரும்.

பையன் ஊருக்குப் போன பிறகு உக்கடம் மீன் மார்க்கெட்ல இருந்து ஒரு படம் அனுப்பியிருந்தான். கடைக்காரர் கையிலயே மீனைக் குடுத்து வாயை இழுக்கச் சொல்லி எடுத்திருக்கான். மேல் பாத்து நீண்டிருக்கு, கண்ணுக்குக் கீழ அந்தக் கறுப்புக்கோடும் தெளிவா விழுந்திருக்கு.