புக்கிட் தீமாவில் ஏறி, கிராண்ட் கேன்யனில் இறங்கி

செப்டம்பர் 14
காலையிலேயே அக்கா, அத்தான், நான் மூவரும் புக்கிட் தீமா ஏறினோம். சிங்கப்பூரிலேயே ஆக உயரமான இடம், 163 மீட்டர். அடுத்த மாதம் அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குப் போகிறோம். அங்கே பிரைட் ஏஞ்சல் என்ற நடைபாதையில் ஹாவசுபாய் கார்டன்ஸ் என்ற இடத்துக்குப் போக 900 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும், அதனால் மாலையில் முதுகில் தண்ணீர்ப் போத்தல்களோடு எங்கள் புளோக் படிக்கட்டிலும் ஏறுகிறோம். மலை என்றால் ஏறிக் களைத்தபின் இறக்கம் இருக்கும். பள்ளத்தாக்கில் முதலில் இறக்கம், கால் ஓய்ந்தபிறகுதான் ஏற்றம். அத்தான் இதைத் திரும்பத் திரும்பச் சொல்கிறார், சொல்லட்டும்.

அக்டோபர் 3
தேக்காவில் உப்புக்கடலை, முறுக்கு, கடலை மிட்டாய் வாங்கியாகிவிட்டது. நொறுக்குத் தீனி ஆசை இல்லை இது. வியர்த்துக்கொண்டே வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் ரத்தத்தில் சோடியம் குறைந்து தலைச்சுற்றல், குழப்பம் என்று ஆபத்தாகிவிடும். உப்பும் உள்ளே போக வேண்டும்.

அக்டோபர் 9
கிராண்ட் கேன்யனின் தெற்கு விளிம்பில் உள்ள மேதர் முகாமில் கூடாரம் அடித்துவிட்டோம். பாலைவனம் என்று வந்தால் இங்கே பல் கிட்டுகிறது! தெற்கு விளிம்பு கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரம், வெயில் இறங்கியதுமே கம்பளிக்குள் புகுந்துவிட்டோம். மாலையில் யவப்பாய் முனையிலிருந்து அடி ஆழத்தில் கறுப்பாகத் தெரியும் பாறையைப் பார்த்தோம். அதற்கு விஷ்ணு பாறை என்று பெயர், வயது ஏறக்குறைய 170 கோடி ஆண்டு. கிளாரன்ஸ் டட்டன் என்ற புவியியலாளர் 1880களில் இங்குள்ள பாறைச் சிகரங்களுக்கு விஷ்ணு கோயில், சிவன் கோயில் என்றெல்லாம் பெயர் வைத்திருக்கிறார். அக்கா கைகூப்பினாள், எனக்கும் கூப்பத் தோன்றியது.

அக்டோபர் 10
விடியுமுன் தலைவிளக்கோடு இறங்கினோம். கோவேறு கழுதைகள் வரிசையாக வந்தபோது பள்ளத்துப் பக்கம் போகாமல் மலையோடு ஒட்டி நின்றோம், அதுதான் இங்கே விதி. கீழே போகப் போக ஒவ்வொரு உடுப்பாகக் கழற்றினோம். ஹாவசுபாய் கார்டன்ஸில் நிழல் மரங்கள், ஓடை, அங்கே சாப்பாடு. அணில்கள் காலடிக்கே வரும், கொஞ்ச நினைக்காதீர்கள், கடித்துவிடும்.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது வியர்வை பற்றி. நம்மூரில் பத்து நிமிடம் நடந்தாலே சட்டை ஒட்டிக்கொள்ளும், உடம்பு தண்ணீர் இழப்பது கண்ணுக்குத் தெரியும். இங்கே வறண்ட காற்று வியர்வையை அப்படியே உறிஞ்சிவிடுகிறது. ஏறி வரும்போது அத்தானின் சட்டை முதுகு நன்றாகக் காய்ந்திருந்தது, ஆனால் பையின் வார் பட்ட இடத்தில் கோடு கோடாக வெள்ளை உப்பு, தொட்டால் சொரசொரவென்று இருந்தது. அவருக்கு வியர்த்ததே தெரியவில்லையாம்! அப்புறம் தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல் ஒவ்வொரு திருப்பத்திலும் ரெண்டு மிடறு தண்ணீர், கொஞ்சம் உப்புக்கடலை. இறங்கியதைப்போல் இரண்டு மடங்கு நேரம் ஏற்றத்துக்கு ஆகும் என்று கணக்கு வைத்தது சரியாக இருந்தது. கடைசி வளைவுகளில் அக்கா எங்களுக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தாள்.

அக்டோபர் 17
வீட்டில் துணி துவைத்து முடித்தாயிற்று. அடுத்த தடவை கொலராடோ ஆறுவரை போய், கீழேயே ஒரு இரவு தங்க வேண்டும். அதற்குத் தனி அனுமதி வேண்டும், மாதக்கணக்கில் முன்னதாகவே குலுக்கலுக்கு விண்ணப்பிக்கலாம். அத்தான் இப்போதே நாள்காட்டியைப் பார்க்கிறார், அக்கா வரும் சனிக்கிழமை மறுபடி புக்கிட் தீமா என்கிறாள்.