பயிலரங்க நாட்கள்

ஜூன் 3
மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களுக்குத் தேர்வு வினா எழுதவும் பின்னூட்டம் தரவும் சொல்லித்தரும் பயிலரங்கம். 24 பேர், மேசைக்கு 6 பேராக 4 மேசை. ஒரே துறைக்காரர்களைச் சேர்த்து உட்காரவைக்கவே கூடாது. துறைத்தலைவர் எதிரில் இருந்தால் இளையவர் வாய் திறக்க மாட்டார்.

ஜூன் 5
வினா எழுதும் அமர்வுக்கு 90 நிமிடம். நிரலில் உரைக்கு மட்டும் 40 போட்டிருக்கிறது. மனசு ஒப்பவில்லை. உரை 15, தனியாக ஒரு வினா எழுத 20, மேசையில் மாற்றிப் படிக்க 25, திருத்தி எழுத 15, பொதுவில் பேச 15 என்று மாற்றியாக வேண்டும். உரை நீண்டால் முதலில் பறிபோவது திருத்தி எழுதும் நேரம்தான். கற்பதெல்லாம் அங்கேதான் நடக்கிறது.

ஜூன் 6
பேச்சாளரிடமிருந்து 62 ஸ்லைடு வந்திருக்கிறது.

ஜூன் 11
அவரவர் போன தேர்வில் கேட்ட வினாக்கள் வரத் தொடங்கிவிட்டன. பாதிக்கு மேல் ‘பின்வருவனவற்றுள் எது சரி?’ என்று மொட்டையாக நிற்கின்றன. விடைகளைக் கையால் மூடிக்கொண்டு வினாவை மட்டும் படித்துப் பதில் சொல்ல முடிய வேண்டும், இவற்றில் முடியாது. நோயாளியின் வயது, என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, பரிசோதனையில் கண்டது, அதன்பின் ஒரே ஒரு கேள்வி. இது போதும். ‘மேற்கண்ட அனைத்தும்’ வேண்டாம்: இரண்டு சரியென்று தெரிந்தாலே மூன்றாவதைப் படிக்காமல் குறித்துவிடலாம். சரியான விடை மட்டும் மற்றவற்றைவிட நீளமாக இருப்பதும், தவறான விடையில் ‘எப்போதும்’, ‘ஒருபோதும்’ வருவதும் பாடம் படிக்காதவருக்கும் வழிகாட்டிவிடும். இத்தனை வருடம் கற்பித்தவர்கள் எழுதியவை. யாரும் அவர்களுக்குச் சொல்லித்தரவில்லை என்பதுதான் வருத்தம்.

ஜூன் 12
ஒரு வினா நன்றாகப் படித்தவரையும் படிக்காதவரையும் பிரித்துக் காட்டுகிறதா என்று பார்க்கும் வினாப் பகுப்பாய்வுக்குக் கணக்கு தயார். 100 மாணவர்களில் அதிக மதிப்பெண் பெற்ற 27 பேர், குறைவாகப் பெற்ற 27 பேர். மேலே 21 பேரும் கீழே 10 பேரும் சரியாக எழுதியிருந்தால் 11-ஐ 27-ஆல் வகுத்து 0.41, நல்ல வினா. எதிர்க்குறி வந்தால் முதலில் பார்க்க வேண்டியது விடைக்குறிப்பே தவறா என்பதை. 5 சதவீத மாணவர்கள்கூடத் தேர்ந்தெடுக்காத தவறான விடை, இடத்தை அடைக்கிறது, அவ்வளவுதான்.

ஜூன் 14
பின்னூட்டப் பயிற்சி மூவராக: ஆசிரியர், மாணவர், கவனிப்பவர். ஆசிரியர் சொன்ன வார்த்தைகளைக் கவனிப்பவர் அப்படியே எழுத வேண்டும். ‘நல்லா பண்ணினீங்க’ என்பது காகிதத்தில் வந்தால்தான் அதில் ஒன்றுமில்லை என்று தெரிகிறது. 1992-ல் வந்த ஐந்து படி முறையையே வைத்துக்கொள்ளலாம்: மாணவரின் முடிவைக் கேள், காரணம் கேள், பொதுவிதி ஒன்று சொல், சரியானதைக் குறிப்பிடு, பிழையைத் திருத்து. முதல் படியிலேயே தடுக்கி விழுகிறார்கள். கேட்ட கையோடு பதிலையும் சொல்லிவிடுகிறார்கள். கேட்டபின் 3 நொடி காத்திருக்கப் பழக்கினாலே பெரிது.

ஜூன் 16
62 ஸ்லைடு போய் 40. இன்னும் 40.

ஜூன் 18
மாலையில் நிரப்பும் படிவம் ‘பிடித்ததா’ என்பதை மட்டுமே அளக்கும். பயிற்சியின் பலனை மதிப்பிட கிர்க்பாட்ரிக் வகுத்த நான்கு நிலைகளில் அது முதல் நிலை. ‘முன்பு எவ்வளவு தெரியும், இப்போது எவ்வளவு’ என இரண்டையும் கடைசியிலேயே கேட்கிறேன். முதலிலேயே கேட்டால் தெரியாதது எது என்றே தெரியாமல் கூடுதலாகப் போட்டுக்கொள்வார்கள்.

ஜூன் 19
ஆய்வாளர்களுக்கான அரைநாள். ஆய்வில் முக்கியமாக அளக்கப்போவது எது என்ற முதன்மை விளைவு ஒன்றைத் தீர்மானிக்காமல், எத்தனை பேர் வேண்டும் என்று மாதிரி அளவைக் கேட்பவர்களே அதிகம். கண்டுபிடிக்க நினைக்கும் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் ஆட்கள் ஏறக்குறைய 4 மடங்கு வேண்டும். பலகையில் போட்டுக் காட்ட வேண்டும்.

ஜூன் 21
உரை 17 நிமிடம். திருத்தி எழுத 15 முழுதாகக் கிடைத்தது!

செப்டம்பர் 22
பயிலரங்கத்துக்குப் பின் எழுதிய மருந்தியல் தேர்வுத் தாள் வந்துவிட்டது. 40 வினாவில் விடைகளை மூடிப் படித்துப் பதில் சொல்ல முடிந்தவை 31. மீதி 9-ல் 6 ‘அல்லாதது எது’ வகை. நுண்ணுயிரியல் தாள் இன்னும் வரவில்லை.