தாத்தாவின் பள்ளிக்கூடமும் தெர்மாகோல் அட்டையும்

என் மகள் நான்காம் வகுப்பில் படிக்கிறாள் என்று சொல்வது முழு உண்மை ஆகாது. என் மனைவி, என் அப்பா, நான் உட்பட வீட்டில் உள்ள எல்லோரும் நான்காம் வகுப்பில்தான் படிக்கிறோம். கட்டண ரசீதில் மட்டும் அவள் பெயர் இருக்கிறது. கிருஷ்ணகிரியில் அவள் படிக்கும் தனியார் பள்ளியிலிருந்து இரவு ஒன்பது மணிக்கு மேல், அதாவது ஊரில் உள்ள எழுதுபொருள் கடைகள் அனைத்தும் அடைக்கப்பட்டுவிட்டன என்பது உறுதியான பிறகு, வாட்ஸ்அப் குழுவில் ஓர் ஆணை வந்து விழும். மறுநாள் மஞ்சள் நிற உடையில் வர வேண்டும் என்றோ, முளைகட்டிய பயறு கொண்டுவர வேண்டும் என்றோ, பழைய நாளிதழில் கோபுரம் செய்து வர வேண்டும் என்றோ அது இருக்கும். அதன் கீழே பெற்றோர்கள் வரிசையாகக் கைகூப்பும் படத்தை இடுவார்கள். அந்தக் கும்பிடு நன்றிக்கா, மன்றாட்டுக்கா என்பது எனக்கு விளங்கியதே இல்லை.

அப்படி வந்த ஆணைகளில் ஒன்றுதான் ‘தாத்தா பாட்டி தினம்’ பற்றியது. ‘என் தாத்தாவின் பள்ளி’ என்ற தலைப்பில் குழந்தை ஒரு மாதிரி வடிவம் செய்து வர வேண்டும். தாத்தாவும் உடன் வந்து இரண்டு நிமிடம் பேச வேண்டும். பெற்றோர் உதவி செய்யக் கூடாது என்றும் ஒரு வரி இருந்தது. அந்த வரியை எல்லாப் பெற்றோரும் படித்துவிட்டு, மறுநாள் மாலை ரவுண்டானா அருகே உள்ள கடையில் தெர்மாகோல் வாங்க வரிசையில் நின்றோம்.

கடைக்காரருக்கு எங்களிடம் கேட்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. “நாலாம் வகுப்புதானே, சார்? தாத்தா பள்ளிக்கூடம்தானே?” என்று சொல்லிக்கொண்டே ஒரு பொட்டலத்தை எடுத்து வைத்தார். அதில் ஓர் ஆலமரம், அதன் அடியில் வெண்தாடி முனிவர் ஒருவர், எதிரே காவி உடுத்திய நான்கு மாணவர்கள், ஓரமாக ஒரு மான். உடன் வந்திருந்த அப்பா கண்ணாடியை மாட்டிக்கொண்டு அந்த மானை வெகு நேரம் பார்த்தார்.

“நான் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தது 1951-இல். அப்போது நேரு பிரதமர். எங்கள் வாத்தியாருக்குத் தாடியும் கிடையாது, மானும் கிடையாது, கதர்ச் சட்டையும் மூக்குப்பொடி டப்பாவும்தான் உண்டு” என்றார்.

“என்ன செய்வது பெரியவரே, காலையிலிருந்து இந்த மரம்தான் போய்க்கொண்டிருக்கிறது. கிருஷ்ணகிரியில் இருக்கும் தாத்தாக்கள் எல்லோரும் இதன் அடியில்தான் படித்திருக்கிறார்கள்” என்றார் கடைக்காரர்.

அப்பா அந்த மரத்தடியில் படிக்க மறுத்துவிட்டார். செய்தால் உண்மையான பள்ளிக்கூடத்தைச் செய்வது, இல்லாவிட்டால் தாம் விழாவுக்கே வரப்போவதில்லை என்று அவர் நிபந்தனை விதித்ததால், அன்று இரவு முதல் எங்கள் கூடத்தில் தெர்மாகோல் துகள் பறக்க, அவர் வாய்மொழியாகச் சொல்லச் சொல்ல நாங்கள் கட்டத் தொடங்கினோம்.

அவர் படித்தது காவேரிப்பட்டினத்தை அடுத்து, தென்பெண்ணை ஆற்றுக்குச் சற்றுத் தள்ளியுள்ள எங்கள் ஊர்ப் பள்ளியில். நாட்டு ஓடு வேய்ந்த ஒரே கூடம், அதில் ஐந்து வகுப்புகள், ஐந்துக்கும் ஒரே வாத்தியார். சேர்க்கைக்கு விண்ணப்பமும் இல்லை, நேர்காணலும் இல்லை. வலக் கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடக் காதைத் தொடச் சொல்வார்கள். விரல் எட்டினால் ஐந்து வயது, எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு. பிறந்த தேதியையும் வாத்தியாரே நிர்ணயித்துவிடுவார். என் பாட்டியின் கணக்குப்படி அப்பா பிறந்தது மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள், செவலைப் பசு கன்று ஈன்ற இரவு. அரசாங்கத்தின் கணக்குப்படி ஜூன் முதல் தேதி. அந்தக் கூடத்தில் ஒன்றாகச் சேர்ந்த பிள்ளைகளில் பலருக்கும் அதே ஜூன் முதல் தேதிதான். ஆண்டுதோறும் வங்கியிலிருந்து வாழ்த்துக் குறுஞ்செய்தி வரும்போது, “இது வாத்தியார் வைத்த பிறந்தநாள், எனக்குச் சம்பந்தமில்லை” என்று அவர் அதை அழித்துவிடுவார். என் மகளின் சேர்க்கையின்போதோ, அவளை உள்ளே அனுப்பிவிட்டு எங்கள் இருவரைத்தான் அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள். என் மனைவி முந்தைய இரவு தூங்காமல் பதில்களை மனப்பாடம் செய்திருந்தாள்.

சிலேட்டு வேண்டும் என்றார் அப்பா. கடையில் கிடைத்தது பிளாஸ்டிக் சிலேட்டு, மூன்று பக்கமும் மணிகள் கோத்தது. கல் சிலேட்டு என்றால் கல்லாகவே இருக்க வேண்டும், கீழே போட்டால் உடைய வேண்டும், உடைந்தால் வீட்டில் அடி விழ வேண்டும் என்று அவர் அதற்கு இலக்கணம் வகுத்தார். கோவை இலையைக் கசக்கிச் சிலேட்டைத் துடைப்பதும், கரியோடு ஊமத்தை இலையை அரைத்துக் கரும்பலகைக்குப் பூசுவதும் பிள்ளைகளின் வேலையாக இருந்தனவாம். பலப்பத்தை எழுதியதைவிடத் தின்றதே அதிகம் என்று அவர் சொன்னபோது, மகள் மிகுந்த அக்கறையோடு, “அதில் கால்சியம் இருக்குமா, தாத்தா?” என்று கேட்டாள். எங்கள் பகுதியில் தெலுங்கும் கன்னடமும் வீட்டில் பேசுவோர் பலர் உண்டு என்பதால், பம்பரம் விடும் இடத்தில் எந்தப் பாடத்திட்டமும் இல்லாமலேயே மூன்று மொழிகள் கற்பிக்கப்பட்டன. அவற்றில் அப்பாவுக்கு இன்றும் சரளமாக வருவன வசைச் சொற்கள் மட்டுமே.

அவர் மிகுந்த பாசத்தோடு நினைவுகூர்ந்தது 1953-ஆம் ஆண்டை. அப்போது சென்னை மாநில முதலமைச்சராக இருந்தவர் ராஜாஜி. ஓசூருக்கு அருகில் உள்ள தொரப்பள்ளியில் பிறந்தவர் என்பதால் எங்கள் பக்கத்து மனிதர். அவர் கொண்டுவந்த மாற்றியமைக்கப்பட்ட தொடக்கக் கல்வித் திட்டத்தின்படி, கிராமத்துத் தொடக்கப் பள்ளிகளில் ஒரு பிள்ளைக்கு ஒரு நாளைக்கு மூன்று மணி நேரமே வகுப்பு. மிகுதி நேரத்தில் வீட்டுத் தொழிலைக் கற்க வேண்டும். பிள்ளைகளைப் பரம்பரைத் தொழிலுக்கே திருப்பி அனுப்பும் குலக்கல்வி இது என்று பெரியாரும் திராவிட முன்னேற்றக் கழகத்தினரும் காங்கிரசுக்குள்ளேயே பலரும் எதிர்த்தார்கள். 1954-இல் ராஜாஜி பதவி விலக, காமராசர் முதல்வராகித் திட்டத்தைக் கைவிட்டார். எதிர்த்தவர்கள் பக்கமே நியாயம் இருந்தது என்பது என் கருத்து. ஆனால் ஏழு வயதுப் பையனிடம், நாளைக்கு மூன்று மணி நேரம் வந்தால் போதும், பிறகு மாந்தோப்புப் பக்கம் ஆடுகளை ஓட்டிக்கொண்டு போகலாம் என்று ஓர் அரசாங்கம் சொன்னால் அவன் எந்தப் பக்கம் நிற்பான் என்பதை யாரும் அன்று கேட்டிருக்கவில்லை. அப்பா அந்தத் திட்டத்தின் கடைசி ஆதரவாளராக இன்றும் இருக்கிறார்.

என் பள்ளியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அதை விளக்க ஆலமரப் பொட்டலமும் கடையில் இல்லை. ஆயினும் நானும் ஒரு பள்ளியில் படித்தேன் என்பதைப் பதிவுசெய்ய விரும்புகிறேன். 1982-இல் எம்.ஜி.ஆர். தொடங்கிய சத்துணவை நம்பி, மஞ்சள் பையில் புத்தகத்துக்கு மேலே அலுமினியத் தட்டை வைத்துக்கொண்டு போன தலைமுறை எங்களுடையது. இலவசமாகக் கொடுத்த பற்பொடியை உள்ளங்கையில் கொட்டி நக்கித் தீர்த்தவர்களும் நாங்களே. 1989-இல் ஆட்சிக்கு வந்த கலைஞர் சத்துணவில் முட்டையைச் சேர்த்தபோது, முட்டை போடும் நாளில் மட்டும் எங்கள் வகுப்பில் எல்லோரும் உத்தம மாணவர்களாக விளங்கினோம். அப்பா என்னைப் பள்ளியில் விட்ட அன்று ஆசிரியரிடம், “கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரித்துவிடுங்கள்” என்று சொல்லிவிட்டு வேலைக்குப் போனார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை. இப்போது 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பிள்ளையை அடிக்கவும் மனம் நோகச் செய்யவும் கூடாது என்கிறது. மிகவும் நல்ல சட்டம். அதில் பெற்றோரைப் பற்றி எதுவும் சொல்லாததால், கையெழுத்து சரியில்லை, நகம் வெட்டவில்லை, நோட்டுக்கு அட்டை போடவில்லை என்பதற்கெல்லாம் மாதாந்தரக் கூட்டத்தில் திட்டு வாங்குவது நாங்கள்.

இத்தனை காலமும் அப்பா என் மீது பயன்படுத்திய ஆயுதம் ஒன்று உண்டு. எனக்குக் காய்ச்சல் கண்டாலும், மழை கொட்டினாலும், உறவில் கல்யாணம் வந்தாலும், “நான் ஒரு நாள்கூட மட்டம் போட்டதில்லை” என்பார். அதே வாக்கியம் அண்மைக் காலமாக என் மகளுக்கும் கைமாறிக்கொண்டிருந்தது. மாதிரி வடிவத்தின் முகப்பில் அதைப் பெரிய எழுத்தில் எழுத வேண்டும் என்றும் அவர் கேட்டிருந்தார். எனவே, ஓட்டுக் கட்டடம் எப்படி இருந்தது என்பதைச் சரிபார்க்கவும் புகைப்படம் எடுக்கவும், மகளுக்கு விடுமுறையாகவும் அரசுப் பள்ளிக்கு வேலை நாளாகவும் அமைந்த ஒரு சனிக்கிழமை நாங்கள் மூவரும் ஊருக்குப் போனோம்.

ஓட்டுக் கட்டடம் இல்லை. அந்த இடத்தில் தளம் போட்ட கட்டடமும், சுவரெங்கும் வண்ணப் படங்களும், உள்ளே ஒரு பெரிய திரையும் இருந்தன. காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்டில் மாநிலம் முழுவதும் உள்ள அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டதால், உப்புமா, கிச்சடி, பொங்கல் என்று பட்டியலும் தொங்கியது. “எங்களுக்குக் காலையில் களி, அதுவும் வீட்டில் இருந்தால்” என்று அப்பா அந்தப் பட்டியலை ஒருமுறைக்கு இருமுறை படித்தார். தலைமையாசிரியை வகுப்பறையில் இல்லை. வருகைப் பதிவைக் கைப்பேசிச் செயலியில் ஏற்றச் சிக்னல் கிடைக்காமல், முற்றத்து வேப்பமரத்தடியில் கையை உயர்த்தியபடி நின்றுகொண்டிருந்தார். “தாத்தா, மரத்தடியில் டீச்சர்!” என்று மகள் கூவினாள். கடைக்காரர் அவ்வளவு பொய்யொன்றும் சொல்லவில்லை.

வந்த காரணத்தைக் கேட்டதும் தலைமையாசிரியைக்கு உற்சாகம் வந்துவிட்டது. பழைய சேர்க்கைப் பதிவேடுகள் எல்லாம் பத்திரமாக இருக்கின்றன என்று பீரோவைத் திறந்து, கரையான் ஓரத்தைச் சுவைத்திருந்த ஒரு பெரிய பேரேட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். 1951-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அப்பாவின் பெயர் நீல மையில் இருந்தது. ஊர்ப் பெயருக்குப் பக்கத்தில் ‘சேலம் ஜில்லா’ என்று கண்டிருந்தது. 1965-இல் தருமபுரி தனி மாவட்டம் ஆனதால் என் சான்றிதழில் தருமபுரி மாவட்டம். 2004-இல் கிருஷ்ணகிரி பிரிந்ததால் என் மகளுக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். எங்கள் பூர்விக வீடு ஓர் அடிகூட நகர்ந்ததில்லை.

மகள் ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்துக்கொண்டே போனாள். குறிப்பு என்ற கடைசிக் கட்டத்தில் நின்று, சத்தமாகப் படித்தாள்: “தொடர்ந்து வராமையால் பெயர் நீக்கப்பட்டது, 1953. மீண்டும் சேர்க்கப்பட்டது, 1954.”

தலைமையாசிரியை பீரோவுக்குள் எதையோ தேடத் தொடங்கினார். அப்பா கண்ணாடியைக் கழற்றித் துண்டால் துடைத்தார். “இந்தப் பெயரில் எங்கள் ஊரில் நாலு பேர் இருந்தார்கள்” என்றார். தகப்பனார் பெயரும் சரியாக இருக்கிறதே என்றேன். “அந்தப் பெயரிலும் பலர் உண்டு” என்றார். மகள் அடுத்த கட்டத்தைப் படித்தாள்: அங்க அடையாளம், இடது கணுக்காலில் மச்சம். பிறகு, ஓர் ஆய்வாளருக்குரிய நிதானத்தோடு குனிந்து, தாத்தாவின் வேட்டிக் கரையைச் சற்று உயர்த்திப் பார்த்தாள்.

திரும்பி வரும் வழியெல்லாம் காரில் யாரும் பேசவில்லை. நான் பேசாததற்குக் காரணம், சிரிப்பை அடக்கிக்கொண்டு வண்டி ஓட்டுவது எளிதன்று. முகப்பில் எழுத வேண்டிய வாக்கியத்தைப் பற்றி அப்பா அதன்பின் கேட்கவில்லை.

விழா நாளில் நான்காம் வகுப்பின் நீண்ட மேசையில் ஆலமரங்கள் வரிசையாக நின்றன. ஒரே முகச்சாயல் கொண்ட முனிவர்கள் ஒரே மாதிரியான மாணவர்களுக்குப் பாடம் சொல்லிக்கொண்டிருந்தார்கள். நடுவே எங்களுடையது மட்டும் செம்மண் நிறம் பூசிய ஓட்டுக் கூரையோடு, கொஞ்சம் இடப்பக்கம் சாய்ந்து நின்றது. அதன் முன்னே, பதிவேட்டுப் பக்கத்தின் புகைப்படத்தைப் பெரிதாக அச்செடுத்து, கடைசிக் கட்டத்தைச் சுற்றி மகள் சிவப்பு மையில் வட்டம் போட்டிருந்தாள். அது எப்போது நடந்தது என்பது என் மனைவிக்கும் தெரியவில்லை.

வகுப்பாசிரியை அதைப் படித்துவிட்டு, இருபது வயதுகளில் இருப்பவர்களுக்கே உரிய கண்டிப்போடு, “என்ன தாத்தா, ஒரு வருடம் ஸ்கூலுக்கே வரவில்லையா?” என்று ஒலிபெருக்கியை நீட்டினார்.

அப்பா தொண்டையைச் செருமிக்கொண்டார். “அந்த வருடம் அரை நாள் வந்தால் போதும் என்று சர்க்காரே சொல்லிவிட்டது, டீச்சர். மிச்சம் இருந்த அரை நாளுக்கு மட்டும் நானாக விடுப்பு எடுத்துக்கொண்டேன்.”

கூட்டத்தில் இருந்த தாத்தாக்கள் எல்லோரும் கைதட்டினார்கள். ஆசிரியை அப்படி ஒரு சுற்றறிக்கை எந்த ஆண்டில் வந்தது என்று கேட்டுக்கொண்டிருக்க, பின்வரிசையில் இருந்த ஒரு தாயார், பசை இன்னும் காயாத ஆலமரத்தை மடியில் வைத்தபடி, அந்தத் திட்டம் மறுபடியும் வருவதற்கு ஏதேனும் வழி உண்டா என்று என் மனைவியிடம் தாழ்ந்த குரலில் விசாரித்தார்.