வெள்ளை விளக்குக்குள் இருக்கும் மஞ்சள் தூள்

வெள்ளை எல்இடி விளக்கு பெரும்பாலும் உள்ளுக்குள் நீல விளக்குதான். அதிலுள்ள நீல ஒளி தரும் சிறிய குறைகடத்திச் சில்லின் (chip) மேல் பூசிய மஞ்சள் ஒளிர்பொருள் அந்த ஒளியில் ஒரு பகுதியை உறிஞ்சி மஞ்சளாக உமிழ்கிறது. மிச்ச நீலமும் மஞ்சளும் கலந்து கண்ணுக்கு வெண்மையாகின்றன. நீல எல்இடிக்காக அகாசாகி, அமானோ, நாகமுரா மூவருக்கும் 2014-இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. மஞ்சள் தூளைப் பற்றி அவ்வளவாகப் பேச்சில்லை. அதைத் தயாரிப்பதுதான் என் ஆய்வு.

மூலப்பொருள்கள் மூன்று: யிட்ரியம் ஆக்சைடு, அலுமினா (அலுமினியம் ஆக்சைடு), மிகச் சிறிதளவு சீரியம் ஆக்சைடு. எடை போட்டு, அகேட் என்னும் கடினக் கல்லால் ஆன உரலில் எத்தனால் விட்டு அரைக்கத் தொடங்கினால் கை கடுத்துவிடும். இங்கே அவசரம் கூடவே கூடாது. இந்தத் துகள்கள் உருகிக் கலப்பதில்லை. ஒன்றையொன்று தொடும் இடங்களில் அயனிகள் ஊடுருவித்தான் புதிய படிகம் வளர்கிறது. கலவை சீராக இல்லாத இடத்தில் யிட்ரியம் மிகுந்த வேறு சேர்மங்கள் தங்கிவிடும். எக்ஸ் கதிர் வரைபடத்தில் வேண்டாத சிறு முகடுகள் அவற்றைக் காட்டிக்கொடுக்கும்.

பிறகு 1,500 டிகிரி செல்சியஸ் உலை. காற்றில் சுட்டாலும் தூள் மஞ்சளாகத்தான் வரும். நீல ஒளியில் ஒளிரவும் செய்யும். அதோடு திருப்தி அடைந்துவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. சீரியத்தில் ஒரு பங்கு நான்கு மின்னேற்ற நிலையிலேயே நின்றிருக்கும். மஞ்சள் ஒளி தருவது மூன்று மின்னேற்ற நிலை மட்டுமே. ஆகவே நான்கை மூன்றாகக் குறைக்க, தூளில் ஒரு பகுதியைச் சிறிதளவு ஹைட்ரஜன் கலந்த நைட்ரஜனில் மறுபடி சுட்டேன். இரண்டு தூள்களையும் அருகருகே வைத்து 450 நானோமீட்டர் நீல விளக்கை அடித்து, நீலத்தைத் தடுக்கும் ஆரஞ்சுக் கண்ணாடி வழியே பார்த்தபோது, இரண்டாவது தூள் பளீரென்று எரிந்தது! கருவி தரும் எண்ணுக்கு முன்பே கண்ணுக்குத் தெரிகிற வேறுபாடு அது.

சில் சூடேறினாலும் இந்தப் படிகம் ஒளியை எளிதில் இழப்பதில்லை. குறை சிவப்பில்தான். பழமும் தோலின் நிறமும் இந்த வெளிச்சத்தில் சோகை பிடித்தாற்போல் தெரியும். யூரோப்பியம் சேர்த்த நைட்ரைடு ஒளிர்பொருள் சிவப்பைத் தரும் என்றாலும், அதன் ஒளியில் கணிசமான பங்கு கண் மங்கலாக உணரும் அடர்சிவப்பில் வீணாகிறது. மாங்கனீசு சேர்த்த பொட்டாசியம் புளோரோசிலிகேட்டோ 630 நானோமீட்டரை ஒட்டிய குறுகிய சிவப்புக் கோடுகளாக ஒளிர்கிறது. அடுத்து அதைத்தான் தயாரிக்கப் போகிறேன். அதற்கு 1,500 டிகிரி உலை வேண்டியதில்லை. வழக்கமான முறையில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் தேவைப்படும் என்பதால், முதலில் பாதுகாப்புப் பயிற்சியை முடிக்க வேண்டும்.